பதினான்காம் வரிசை

கூரை என்கிறார்கள், ஒரு பேச்சுக்கு.
பஃபலோவில் நாலடிப் பனியைச் சுமக்கும் வீட்டில் இருப்பவள் நான்,
கூரை என்றால் என்னவென்று எனக்குத் தெரியும்.
இது அதுவல்ல.
இதன் ஓட்டைகளுக்குப் பெயர் உண்டு,
பிரிவு எண் உண்டு, பக்க எண் உண்டு.
கொடுக்கிற தெய்வம் பிய்த்துக்கொண்டு கொடுக்கட்டும்,
பிய்த்த இடத்துக்கு வரி கட்ட வேண்டும்,
அவ்வளவுதான்.

ரெனாட்டா வொய்ச்சிக், சம்பளத் தாளைக் காப்பவள்.
கூடைக்குள் ஒரு பந்துகூடப் போட்டதில்லை.
பதினைந்து பேர் ஆடுகிறார்கள்.
என் தாளில் பதினாறு பேர்.

பதினான்காம் வரிசை, ஓடெல் பிரிட்சர்ட்.
இடது முட்டியை இருமுறை திறந்து மூடினார்கள்.
ஒப்பந்தத்தில் இன்னும் இரண்டு ஆண்டு,
ஒன்றரைக் கோடி டாலர்.
ஆகஸ்டு முடிவதற்குள் விடுவித்தோம்.
விடுவித்தோம் என்பது எங்கள் சொல்.
விதி சொல்வது வேறு:
மிச்ச ஆண்டுகளை இரண்டால் பெருக்கு,
ஒன்றைக் கூட்டு,
அத்தனை ஆண்டுக்கும் பணத்தை இழுத்துப் பரத்து.
மாவு மாதிரிதான்.
மெலியும், குறையாது.

ஆண்டுக்கு முப்பது லட்சம், ஐந்து ஆண்டு.
செத்த பணம் என்பார்கள் இந்தத் தொழிலில்.
செத்தது எதுவும் இத்தனை ஒழுங்காக
ஒன்றாம் தேதியும் பதினைந்தாம் தேதியும்
வங்கிக்குப் போய் நான் பார்த்ததில்லை.

மூன்றாவது பிப்ரவரி.
பரிமாற்றக் கெடு மதியம் மூன்று மணிக்கு.
டெஸ்டா நின்றுகொண்டே சாண்ட்விச் தின்கிறார்.
மேற்குக் கரைக்காரர்கள் அந்த நெட்டையனைத் தருகிறார்களாம்,
இடம் இருக்கிறதா என்கிறார்.
இருபத்தொன்பது லட்சத்து நாற்பதாயிரம் இடிக்கிறது என்கிறேன்.
அப்படியே தாண்டினால்?
தாண்டலாம். இரண்டாம் கோடு அங்கேதான் இருக்கிறது.
அதற்கு மேல் போனால்
இருவர் சம்பளத்தைக் கூட்டி ஒருவனை வாங்க முடியாது,
பரிமாற்றத்தில் பணம் சேர்த்து அனுப்ப முடியாது,
ஏழாண்டு தள்ளி வரும் முதல் தேர்வு உறைந்துவிடும்.
எங்கோ ஆறாம் வகுப்பில்
கணக்கு நோட்டில் பந்து வரைந்துகொண்டிருக்கும் ஒரு பையனை
இன்று மதியமே அடகு வைக்கிறோம்.

டெஸ்டா மெல்வதை நிறுத்தினார்.
அப்படியானால் முப்பது லட்சத்துக்கு யார் இருக்கிறார்கள்?

ஓடெல் இருக்கிறான்.
இல்லாதவனை யாரும் வாங்குவதில்லை.
அடுத்த வரிசை வின்கோ கொஸ்டெலாட்ஸ்,
முப்பத்தொரு லட்சம்,
ஆட்டத்துக்கு ஒன்பது நிமிடம்,
ஓய்வறையில் எல்லோருக்கும் காப்பி போடுகிறவன்.
தராசில் படிக்கல்லுக்கு முகம் எதற்கு?
இரண்டு ஐம்பத்தொன்றுக்கு லீக் அலுவலகத்தை அழைத்து
பெயர்களை எழுத்துக் கூட்டிச் சொன்னேன்.
அவன் பெயரில் அவர்கள் இரண்டுமுறை தடுமாறினார்கள்.

போன வாரம்தான் பனி அள்ளும் இயந்திரம் வாங்கியிருந்தான்.
பெட்டிகூடப் பிரிக்கவில்லை.
போகிற இடத்தில் ஆரஞ்சு காய்க்கும்.

மார்ச்சில் தொலைபேசி.
மேகன் நகரத்திலிருந்து ஓடெல்.
நாலாவது டயர் கடை திறக்கிறானாம்,
வங்கியில் சம்பளக் கடிதம் கேட்கிறார்களாம்.
இன்னும் எத்தனை நாள் உங்களிடம் இருக்கிறேன் என்றான்.
இரண்டு ஆண்டு என்றேன்.
எந்த அணியிலும் இவ்வளவு காலம் நின்றதில்லை, தெரியுமா?
தெரியும். எல்லாம் என் தாளில் இருக்கிறது.
கொஞ்சம் பொறுத்துக் கேட்டான்:
இந்த வருஷம் எப்படி ஆடுகிறேன்?
காயமே இல்லை என்றேன்.
அவன் சிரித்து முடிக்கும்வரை
பின்னால் யாரோ டயருக்குக் காற்றடித்தார்கள்.

வின்கோவைப் பற்றிச் சொல்லலாமென்று வாயெடுத்தேன்.
சொல்லவில்லை.

கடிதம் அடித்தேன்.
தொகை சரி. தேதிகள் சரி.
பதவி என்ற கட்டத்தில்
கர்சர் மின்னிக்கொண்டிருந்தது, ரொம்ப நேரம்.
ஃபார்வர்டு என்று போட்டு
அனுப்பிவிட்டேன்.